பிரசங்க பீடத்திலிருந்து குடிநீர்ப் பணிக்குப் போகும் போதகர்களுக்கு

குடிநீர்த் தொண்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சபைகளில் காணிக்கை திரட்டும் தொடர்பாளராகப் போகும் போதகர், அன்று முதல் எந்தச் சபைக்கும் மேய்ப்பர் அல்ல, விருந்தாளி. மியான்மாரின் யாங்கோனிலோ மோல்மேனிலோ ஒரு தமிழ்ச் சபைக்குப் போனால் முதலில் அங்குள்ள போதகரையும் கமிட்டியையும் பார்க்க வேண்டும். அவர்களைத் தாண்டி வசதியுள்ள விசுவாசியின் வீட்டுக்கு நேராகப் போனால், பிறகு அந்தச் சபையில் இடம் கிடைக்காது.

வேலையில் சேருமுன் ஒன்றை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நிலையான மாதச் சம்பளம் மட்டும், வசூலில் சதவீதம் கிடையாது. கமிஷனுக்காகப் பேசுகிறார் என்று ஒருமுறை பெயர் வந்தால் அது போகவே போகாது.

அடுத்து தண்ணீரைப் படியுங்கள். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். ஐராவதி டெல்டாவின் ஆழம் குறைந்த குழாய்க்கிணறுகள் பலவற்றில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருக்கிறது. ஆற்று வண்டலில் இரும்போடு ஒட்டியிருக்கும் அது, ஆக்சிஜன் இல்லாத மண்ணில் கரைந்து நீரில் இறங்குகிறது. நிறமோ மணமோ ருசியோ காட்டிக்கொடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். களிமண்ணும் உமியும் கலந்து சுட்ட வடிகட்டிப் பானை மணிக்கு ஓரிரண்டு லிட்டர் நீரைக் கிருமி நீக்கித் தரும். அதுவும் ஆர்சனிக்கைப் பிடிக்காது. 2008 மே மாத நர்கீஸ் புயலில் கடல்நீர் ஏறிய குளங்களில் குளோரின் எவ்வளவு போட்டாலும் உப்பு குறையாது.

ஆகவே, பரிசோதனை முடிவு கைக்கு வருமுன் "உங்கள் காணிக்கையால் ஒரு கிராமத்துக்குச் சுத்தமான தண்ணீர்" என்று ஆராதனையில் சொல்லாதீர்கள். கழிப்பறைக்குழி கிணற்றிலிருந்து 30 மீட்டராவது தள்ளியிருக்கிறதா, கோடையில் சோதித்த கிணற்றின் நீரை மழைக்காலத்திலும் எடுத்துக் கிருமிக்குச் சோதிப்பார்களா, அடிபம்பின் வாஷர் தேய்ந்தால் மாற்றப்போவது யார், உதிரிப்பாகம் எந்தக் கடையில் கிடைக்கும் என்று பொறியாளரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். தோண்டுவதற்குப் பணம் எளிதில் சேரும். வாஷருக்கு யாரும் காணிக்கை போடமாட்டார்கள். பம்புகள் நிற்பதோ பெரும்பாலும் அப்படிப்பட்ட சின்னப் பாகத்தால்தான். பராமரிப்புச் செலவையும் சேர்த்தே கேட்பது நேர்மை.

கிணற்றுக்கென்று வாங்கியது கிணற்றுக்கே போகவேண்டும். மிஞ்சினால் எதற்குப் போகும் என்பதை வாங்குமுன்பே அறிவியுங்கள். சபைப் பொருளாளரோடு இருவராக எண்ணி, அன்றே ரசீது கொடுங்கள். அறுப்பின் பண்டிகை ஏலம் சபையின் சொந்தத் தேவைக்கானது, அதில் பங்கு கேட்காதீர்கள். மார்ச் 22 உலக நீர் தினம் பெரும்பாலும் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் வரும். குளங்கள் வற்றும் பருவமும் அதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பே, சபையில் பேசக் கமிட்டியிடம் தேதி கேளுங்கள்.

"அந்தக் கிராமத்தில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள்?" என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994இல் ஏற்ற நடத்தை விதிகளின்படி, உதவியை மதக் கருத்தைப் பரப்பும் கருவியாக்கக் கூடாது. வழிப்போக்கர் குடிக்க வீட்டு வாசலில் தண்ணீர்ப்பானை வைத்துப் புண்ணியம் தேடும் பௌத்தர்கள் வாழும் நாடு இது. பம்படியில் நிற்பவரிடம் மதம் கேட்கமாட்டோம், கூட்டத்துக்கு வா என்று சொல்லமாட்டோம் என்பதைக் காணிக்கைத் தட்டு சுற்றிவருமுன்பே சபையில் சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டுத் தர மறுப்பவரின் பணம் இந்த வேலைக்கு வேண்டாம்.