எஸ்கலேட்டரில் அம்மா ஏன் மல்லாக்க விழுந்தார்?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ரயில் நிலைய எஸ்கலேட்டரில் கால் வைத்த உடனே அம்மா மல்லாக்க விழுந்துவிட்டார். பின்மண்டையில் நான்கு தையல். படி மெதுவாகத்தானே போகிறது, எப்படி இப்படி விழுகிறார்கள்?"

மெதுவாகத்தான் போகிறது. பெரும்பாலும் நொடிக்கு அரை மீட்டர்; நாம் சாதாரணமாக நடப்பதே அதைவிட வேகம். ஆனால் கால் படியோடு போய்விட, உடம்பு இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. பஸ் கிளம்பும்போது பின்னால் சாய்வோமே, பள்ளியில் படித்த அதே நிலைமம்தான்.

சரி, தினமும் ஏறுகிறவர்கள் ஏன் விழுவதில்லை? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கால் படியைத் தொடுவதற்கு முன்பே மூளை உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிடுகிறது. நின்றுபோன எஸ்கலேட்டரில் என்றாவது ஏறியிருந்தால் இதை உணர்ந்திருப்பீர்கள். ஓடவில்லை என்று கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் முதல் படியில் யாரோ முதுகைத் தொட்டுத் தள்ளியது போல ஒரு தடுமாற்றம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ரெனால்ட்ஸும் பிரான்ஸ்டீனும் 2003-இல் இதைச் சோதித்தார்கள். நகரும் மேடை ஒன்றில் ஆட்களைத் திரும்பத் திரும்ப ஏறவைத்தார்கள். அப்புறம் மேடையை நிறுத்தி, "இனி இது நகராது" என்று தெளிவாகச் சொல்லி ஏறச் சொன்னார்கள். அப்போதும் வேகமாகவே நடந்து வந்தார்கள், ஏறியதும் உடம்பு முன்னால் சாய்ந்தது. நகராது என்று தெரிந்திருந்தும், கால் கற்ற பாடத்தை அந்த அறிவால் தடுக்க முடியவில்லை!

வாசகியின் அம்மாவுக்கு அந்தப் பாடம் இன்னும் ஏறவில்லை. புதிதாக ஏறுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள்: விளிம்பில் தயங்கி நிற்பார்கள், பிறகு ஒரு காலை மட்டும் வைப்பார்கள். அந்தக் கால் இரண்டு படிகளின் இணைப்பில் விழுந்துவிட்டால் ஆபத்து. தொடக்கத்தில் படிகள் தரைபோலச் சமமாக இருக்கும். கொஞ்ச தூரத்தில் முன்படி உயர, குதிகால் கீழ்ப்படியில் தங்கிவிடும். ஆள் பின்னால் சரிவார். படி ஓரத்து மஞ்சள் கோடு அந்த எல்லையைக் காட்டத்தான்.

மேலே போகும் எஸ்கலேட்டரில் விழுந்தால் இன்னொரு கொடுமை. உருண்டு வருகிறவரைப் படிகள் திரும்ப மேலே தூக்கிக்கொண்டே போவதால் தரை வந்து சேராது. உலோக விளிம்புகள் திரும்பத் திரும்ப இடிக்கும். பக்கத்தில் இருப்பவர் செய்ய வேண்டியது, "கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க" என்று கத்திவிட்டு, மேலும் கீழும் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்துவது. நிற்பவர்கள் கவிழாதபடி கொஞ்ச தூரம் ஓடித்தான் நிற்கும். அரை மீட்டர் வேகத்துக்கு ஐரோப்பிய விதி 20 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் வரை அனுமதிக்கிறது.

விழுவதுதான் அதிகம், சிக்கிக்கொள்வதும் உண்டு. மென்மையான ரப்பர் செருப்புகள் சிக்குவதாக அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2008-இல் எச்சரித்தது. பக்கச் சுவரை ஒட்டி நிற்க வேண்டாம். கொசுவத்தையும் துப்பட்டாவையும் கொஞ்சம் தூக்கிப் பிடியுங்கள். முடிவில், சீப்புப் பற்கள் போன்ற தகட்டுக்கு அடியில் படி நுழையும் இடத்தில் காலை இழுக்காமல் தூக்கி வையுங்கள்.

விழுந்தவரைப் பார்த்து "நேரம் சரியில்லை" என்பதைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. கிரகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கூட்ட நேரத்தில் கீழ்ப்படி அருகே கையைப் பிடித்து ஏற்றிவிட ஓர் ஆளுக்குச் சம்பளம் கொடுக்கலாம். மருத்துவமனைச் சீட்டில் "கீழே விழுந்தார்" என்று மட்டும் எழுதாமல் எங்கே, எப்படி என்றும் எழுதலாம். ஆராய்ச்சிக்கு அதைவிட மலிவான முதலீடு இல்லை.

வாசகிக்கு: தையல் ஆறியதும், அம்மாவுக்குத் தலைசுற்றல் இல்லையென்றால், கூட்டமில்லாத மதிய நேரத்தில் கூட்டிப்போங்கள். கையில் பை வேண்டாம். முதலில் கைப்பிடியைப் பிடிக்கட்டும், அதுவே உடம்பையும் முன்னால் கொண்டுபோகும். பிறகு தயங்காமல் கால். மேலே போகும்போது நீங்கள் ஒரு படி பின்னால், இறங்கும்போது ஒரு படி முன்னால் நில்லுங்கள். நாலைந்து முறை போய்வந்தால் கால் பழகத் தொடங்கும். ஊன்றுகோல் வைத்திருந்தால் லிஃப்ட்தான்.