டஃப் என்றால் கடினம்தானா?

"டஃப் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கடினம் என்றுதானே பொருள்? அப்படியானால் வைரம்தானே எல்லாவற்றிலும் டஃப்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லை. வைரத்தைக் கீறுவதுதான் அரிது. சுத்தியலால் ஓங்கி அடித்தால் உடைந்துவிடும்.

பரீட்சை டஃப், போட்டி டஃப் என்னும்போது கடினம் என்ற பொருள் சரி. ஆனால் சரியாக வேகாத இறைச்சியையும் ஆங்கிலத்தில் டஃப் என்பார்கள். அது கல்லாக இருப்பதில்லை. பல் பதியும், ஆனால் அறுபடாது. உலோகவியல் சொல்லும் பொருள் இதற்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. கீறலுக்கு அசையாதது கடினம். விரிசலை ஓடவிடாதது டஃப். கலைச்சொல் ஆக்குபவர்கள் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வைத்தே ஆகவேண்டும்.

எல்லாம் விரிசலின் முனையில் இருக்கிறது. இங்கிலிஸ் என்ற பொறியாளர் 1913-ல் ஒரு கணக்குப் போட்டார். விரிசலின் ஆழத்தை முனையின் ஆரத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். தகட்டை இழுக்கும் தகைவு, அதாவது ஓர் அலகுப் பரப்பின் மேல் விழும் விசை, முனையில் அத்தனை மடங்காகக் குவிகிறது. ஆழம் 10 மி.மீ., முனையின் ஆரம் 0.001 மி.மீ. என்றால் 201 மடங்கு!

கண்ணாடியில் அணுக்கள் நழுவ வழியில்லை. முனை கூராகவே இருக்க, பிணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே போகும். மென் எஃகில் அணு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும். முனை மழுங்கும், ஆரம் பெருகும், மடங்கு சரியும். வழுக்குவதற்கே ஏராளமான ஆற்றலும் செலவாகிவிடும்.

இதையே கையால் செய்வதுதான் விரிசல் முனையில் துளை போடுவது. அங்கே 5 மி.மீ. விட்டத்தில் துளை போட்டால் 201 மடங்கு சுமார் 5 மடங்காக இறங்கிவிடும். பிசகுவது எங்கே என்றால், கண்ணுக்குத் தெரியும் முனை பெரும்பாலும் உண்மையான முனை அல்ல. சாயத்தை ஊறவிட்டு, துடைத்து, வெளியே கசிந்துவரும் கோட்டைப் பார்த்துத்தான் துளையிட வேண்டும். துளையின் விளிம்பில் பிசிர் இருந்தால் அதிலிருந்தே புது விரிசல் கிளம்பும்.

குளிர் ஏறினால் எஃகுக்குள் இந்த வழுக்கலும் அடங்கிவிடும். 1943 ஜனவரியில், அமெரிக்காவின் போர்ட்லாண்டில் அலையில்லாத நீரில் நின்ற 'ஸ்கெனெக்டடி' என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல், நடுவில் ஏறக்குறைய இரண்டாகப் பிளந்தது. அதனால்தான் இன்று கப்பல் தகட்டிலிருந்து 55 மி.மீ. துண்டுகள் வெட்டி, 2 மி.மீ. வெட்டுக்காயம் போட்டு, குளிரூட்டி, ஊசல் சம்மட்டியால் அடித்து, உடைய எத்தனை ஜூல் ஆற்றல் ஆனது என்று பார்க்கிறார்கள்.