சீடை வெடித்த கையில் பற்பசை எதற்கு?

கோகுலாஷ்டமியை ஒட்டிய சில நாட்கள் எங்கள் தீக்காயப் பிரிவுக்குச் சீடைக் காலம். இந்த முறை வந்தவர் அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மா. முதல் சீடை வெடித்ததும், மீதியைக் காப்பாற்றிவிடலாம் என்று ஜல்லிக்கரண்டியோடு வாணலியின் மேல் குனிந்திருக்கிறார். அடுத்தடுத்து நான்கைந்து வெடித்துக் கன்னத்திலும் வலது முன்கையிலும் எண்ணெய் தெறித்துவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு வில்லையில் எண்ணெய்த்துளி மங்கலான வட்டமாக ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கண்ணாடி அணிந்திராவிட்டால் அது விழுந்திருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. முன்கை முழுவதும் பூசியிருந்த பற்பசை காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது; அதை நனைத்து நனைத்து எடுக்கச் செவிலியருக்கு அரை மணி நேரமாயிற்று. தண்ணீர் ஊற்றினீர்களா என்று கேட்டேன். "தண்ணி பட்டா கொப்புளம் வந்துடுமே டாக்டர்" என்றார் உடன் வந்த மருமகள்.

இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். கொப்புளம் தண்ணீரால் வருவதில்லை. சூட்டில் சேதமடைந்த தோலின் மேலடுக்கு கீழடுக்கிலிருந்து பிரிய, அந்த இடைவெளியில் உடலின் நீரே ஊறிச் சேர்வதுதான் கொப்புளம். எண்ணெய் பட்டவுடனேயே அது தொடங்கிவிட்டாலும், கண்ணுக்குத் தெரியச் சில நிமிடங்களோ சில மணி நேரமோ ஆகும். அதற்குள் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீரின் மேல் விழுகிறது. ஊற்றாமல் விட்டாலும் கொப்புளம் வரத்தான் செய்யும். காயம் இன்னும் ஆழமாகும் என்பதுதான் வேறுபாடு. எண்ணெயைத் துடைத்துவிட்ட பிறகும், தோலுக்குள் இறங்கிய சூடு அங்கேயே இருந்து வெந்த இடத்தை மேலும் வேகவைத்துக்கொண்டிருக்கிறது. ஆகவே குழாயைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்து, முழுதாக 20 நிமிடம் கையைத் தண்ணீரில் காட்டுங்கள். பதற்றத்தில் மறந்துவிட்டிருந்தால், காயம் பட்ட 3 மணி நேரத்துக்குள் செய்தாலும் பயன் உண்டு. ஐஸ் கட்டி மட்டும் வேண்டாம்.

பற்பசை, மஞ்சள்தூள், தோசை மாவு, முட்டையின் வெள்ளைக்கரு, பேனா மை ஆகிய எதையும் பூசாதீர்கள். காயத்தின் ஆழத்தை அதன் நிறத்தைப் பார்த்தும், அழுத்தினால் வெளுத்து மீண்டும் சிவக்கிறதா என்று பார்த்தும்தான் நாங்கள் கணிக்கிறோம். நீல மைக்கு அடியில் எதைப் பார்ப்பது? வளையலையும் மோதிரத்தையும் வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கையைக் காப்பாற்றுவதற்காகத் தங்க வளையலை வெட்டிய மருத்துவரை எந்தக் குடும்பமும் எளிதில் மன்னிப்பதில்லை.

இனி சீடைக்கு வருகிறேன். அரிசி மாவையும் வறுத்து அரைத்த உளுந்து மாவையும் இரண்டு முறை சலியுங்கள். உப்பைக் கரைத்து வடிகட்டிச் சேருங்கள். உள்ளங்கையில் அழுத்தி வழவழவென்று உருட்டாதீர்கள்; மேலே சிறு விரிசல்கள் இருந்தால் இருக்கட்டும், உள்ளே உண்டாகும் நீராவிக்கு அதுதான் வழி. துணியில் பரப்பிக் கால் மணி நேரமாவது உலரவிட்டு, ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்துக் குத்தி, முதலில் இரண்டை மட்டும் மிதமான தீயில் போட்டுப் பாருங்கள். அப்படியும் வெடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். ஒரு ஈடு சீடை கருகினால் என்ன, நூறு ரூபாய்கூடப் பெறாது. நைலான் புடவையோடு எண்ணெய்ச் சட்டியின் அருகே நிற்காதீர்கள், தயவுசெய்து குழந்தைகளை அடுக்களைக்குள் விடாதீர்கள். எண்ணெயே தீப்பற்றிக்கொண்டால் அதில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது. எரிவாயுவை நிறுத்திவிட்டுத் தட்டைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி வாணலியை மூடுங்கள்.

முகம், கைவிரல்கள், மூட்டு ஆகியவற்றில் பட்ட காயத்தையும், உள்ளங்கையளவு பரப்பைத் தாண்டிய காயத்தையும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். கொப்புளத்தை உடைக்காமல், சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு வந்தால் போதும். மருந்து போடாமல் வந்ததற்காக இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம்.