வளரிளம் பருவம்: சொல் விளக்கம்

ஆங்கிலத்தில் 'அடலசன்ஸ்' என வழங்கும் சொல்லுக்கு ஈடாகத் தமிழில் வளரிளம் பருவம், விடலைப் பருவம், குமரப் பருவம், பதின்பருவம், கட்டிளமைப் பருவம், வாலிபம் எனப் பல சொற்கள் புழங்குகின்றன. பாடநூலில் ஒன்றும், நாளிதழில் ஒன்றும், ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவரொட்டியில் வேறொன்றுமாக இருப்பதால், இவை யாவும் ஒரு பொருளன என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இவற்றுள் ஒவ்வொன்றும் உடல் வளர்ச்சியின் வெவ்வேறு கட்டத்தைச் சுட்டுகிறது. குழந்தைமைக்கும் முழு வளர்ச்சிக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைச் சரியாகக் குறிப்பது வளரிளம் பருவம் என்னும் சொல்லே.

ஆங்கிலச் சொல்லின் மூலம் இலத்தீன். ஊட்டி வளர்த்தல் என்னும் பொருளுடைய 'அலெரே' என்ற வினையிலிருந்து, மெல்ல மெல்ல வளர்ந்து வருதலைக் குறிக்கும் 'அடொலெஸ்கெரே' பிறந்தது. வளர்ந்துகொண்டிருப்பவரைக் குறிக்கும் எச்சமும், வளர்ந்து முடிந்தவரைக் குறிக்கும் 'அடல்ட்' என்ற சொல்லும் இதே வினையின் இரு வடிவங்கள். ஆங்கிலத்தில் இச்சொல் 15ஆம் நூற்றாண்டு முதல் வழங்கினாலும், தனியாக ஆராயத்தக்க ஒரு வாழ்க்கைக் கட்டம் என்ற கருத்து வேரூன்றியது, அமெரிக்க உளவியலாளர் ஸ்டான்லி ஹால் 1904இல் இதன் பெயரிலேயே இரு பெருந்தொகுதிகளை வெளியிட்ட பின்னர்தான். உலக நலவாழ்வு நிறுவனம் இப்பருவத்தை 10 முதல் 19 வயது வரை என வரையறுக்கிறது. இந்திய அரசு 2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டமும் இதே எல்லையையே கொண்டது.

'வளரிளம்' என்பதைப் பிரித்தால் வளர், இளம் என்று நிற்கும். உடல்மேல் உயிர் வந்து ஒன்றும் இயல்புப் புணர்ச்சிப்படி ரகர மெய்யும் இகரமும் சேர்ந்து 'ரி' ஆயின. இங்கே 'வளர்' என்பது வினைத்தொகை. வளர்ந்த, வளர்கின்ற, வளரும் என்று மூன்று காலத்துக்கும் விரித்துக்கொள்ளலாம். இலத்தீன் மொழி ஒரு விகுதியால் உணர்த்தும் 'முடியாத வளர்ச்சி'யைத் தமிழ் காலங்கரந்த பெயரெச்சத்தால் உணர்த்துகிறது. இதனால்தான் இதை வெறும் மொழிபெயர்ப்பாகக் கருத எனக்கு மனம் வருவதில்லை. 'பருவம்' என்பதைக் கணு எனப் பொருள்படும் வடசொல்லோடு இணைப்போரும், பருத்தல் என்னும் தமிழ் வினையோடு இணைப்போரும் உண்டு. எப்படிக் கொண்டாலும் பொருளுக்குக் குறையில்லை.

உடலில் நடப்பதைப் பார்த்தால் 'வளர்' என்ற முன்னொட்டின் தேவை விளங்கும். பிறந்த குழந்தை முதலாண்டில் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் உயர்கிறது. இரண்டாம் ஆண்டில் அது 12 சென்டிமீட்டராகக் குறைந்து, பின்னர் பள்ளி வயது முழுவதும் ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் என்ற அளவிலேயே சீராக நடக்கிறது. பிறகு மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சுரக்கும் ஒரு ஹார்மோன் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சூலகத்தையோ விந்தகத்தையோ எழுப்ப, வளர்ச்சி மறுபடியும் விரைவு பெறுகிறது. பெண்பிள்ளைகளுக்கு இம்மாற்றம் பெரும்பாலும் 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண்பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. உச்ச வேகத்தில், பெண்பிள்ளைகள் 12 வயதையொட்டி ஆண்டுக்குச் சுமார் 8 சென்டிமீட்டரும், ஆண்பிள்ளைகள் 14 வயதையொட்டிச் சுமார் 9 சென்டிமீட்டரும் உயர்கின்றனர். இந்த ஏற்றமும் உடல் முழுவதும் ஒருசேர நிகழ்வதில்லை. பாதமும் கையும் முந்திக்கொள்ள, கால்கள் நீள, உடற்பகுதி கடைசியில்தான் வந்து சேர்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது வாங்கிய காலணி தீபாவளிக்குள் கடிக்கத் தொடங்குவதும், சட்டை இன்னும் சரியாக இருக்கும்போதே காற்சட்டை கணுக்காலுக்கு மேலேறிவிடுவதும் இதனால்தான். பிரிட்டனைச் சேர்ந்த மருத்துவர் ஜேம்ஸ் டானர் இம்மாற்றங்களை ஐந்து நிலைகளாக வகுத்தார். இன்றும் குழந்தை மருத்துவர்கள் வயதைவிட இந்நிலைகளையே நம்புகின்றனர், ஏனெனில் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் இரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளில் ஒருவர் இரண்டாம் நிலையிலும் மற்றவர் நான்காம் நிலையிலும் இருக்கக்கூடும், இருவரும் முழு நலத்துடனும் இருக்கக்கூடும்.

இனி மற்றச் சொற்களுக்கு வருவோம். 'விடலை' சங்க இலக்கியத்தில் தலைவியை உடன்கொண்டு பாலை வழியே செல்லும் வலிமை மிக்க இளைஞனைக் குறிக்கும் பெருமைக்குரிய சொல். இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்களுள் ஒன்றான பன்னிரு பாட்டியல் ஆண்களின் பருவங்களைப் பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன் என வரிசைப்படுத்தி, 16 வயதுக் காளைக்குப் பின் 30 வயது வரை விடலை என்கிறது. ஆகவே 13 வயதுச் சிறுவனை விடலை என்பது பழைய வழக்குக்குப் பொருந்தாது. இன்றைய பேச்சிலோ அச்சொல்லில் ஓர் ஏளனமும் ஏறிவிட்டது. பெண்பிள்ளைகளை அது சுட்டவும் சுட்டாது. வாலிபத்துக்கும் இதே குறை உண்டு. இலங்கைப் பாடநூல்கள் கையாளும் 'கட்டிளமை' அழகான ஆக்கம்தான். ஆயினும் 'கட்டு' என்பது உடல் உறுதிப்பட்டு நிற்கும் இளமையைக் காட்டுவதால், வளர்ச்சியின் தொடக்கத்தை விட அதன் நிறைவையே நினைவூட்டுகிறது. 'பதின்பருவம்' ஆங்கிலத்தின் 'டீன்' என்ற எண் விகுதியைப் பின்பற்றியது. ஆங்கிலத்தில் அது 13 முதல் 19 வரை அமையும். தமிழிலோ பதினொன்றில் தொடங்கும் 'பதின்' பதினெட்டோடு நின்றுவிட, பத்தொன்பது அதற்கு வெளியே போய்விடுகிறது. வயதுக் கணக்கைப் பேசும் இடத்தில் இச்சொல் போதுமே தவிர, உடல் வளர்ச்சியைப் பேசும் இடத்தில் போதாது.

குழந்தைமையைப் பிரித்துக் காண்பதில் தமிழ் ஒருபோதும் சோம்பியதில்லை. தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர்களை ஒன்பதாக எண்ணி, மக்களுக்கு உரியவை குழவியும் மகவும் மட்டுமே என்று வரையறுக்கிறது. பிள்ளைத்தமிழோ ஐந்தாம் மாதத்தில் தலை நிமிர்த்தி அசைந்தாடுவதைச் செங்கீரை என்றும், ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டுவதைச் சப்பாணி என்றும் திங்கள் வாரியாகப் பாடுகிறது. பெண்களுக்குப் பாட்டியல் நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவம் வகுத்தன. இன்றைய வளரிளம் பருவம் அவற்றுள் பெதும்பையின் இறுதி, 12, 13 வயதுக்குரிய மங்கை, 19 வரை நீளும் மடந்தை ஆகிய மூன்றின்மீதும் விரிந்து கிடக்கிறது. ஆண் பெண் இருபாலருக்கும் பொதுவான ஒற்றைச் சொல் மட்டுமே அங்கே இல்லாதிருந்தது.

மிகுந்த கவனம் வேண்டுவது பூப்பு என்னும் சொல். பூப்பெய்துதல், வயதுக்கு வருதல், ஆளாதல், பெரிய மனுஷியாதல், இலங்கையில் சாமத்தியப்படுதல் என வழங்குவன யாவும் முதல் மாதவிடாய் என்ற ஒரு நாள் நிகழ்வைக் குறிப்பன. மருத்துவம் 'பியூபெர்ட்டி' என்பதோ சில ஆண்டுகள் நீளும் மாற்றம். மார்பு அரும்பி ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகள் கழித்தே முதல் மாதவிடாய் வருகிறது. அதன் பின்னும் பொதுவாக ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வளர்ச்சி மீதமிருக்கிறது. இடுப்பெலும்பு விரிவது தொடர்கிறது, எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேர்வதும் தொடர்கிறது. மாதந்தோறும் குருதி இழப்பதால் இரும்புச் சத்தின் தேவையும் கூடுகிறது. வாரம் ஒரு முறை பள்ளிகளில் தரப்படும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரை இதற்காகத்தான். சடங்கு முடிந்த மறுநாளே பிள்ளை 'பெரியவள்' ஆகிவிட்டாள் என்று வீடு முடிவு கட்டும்போது, அவளது மீதி வளர்ச்சிக்குரிய உணவும் உறக்கமும் விளையாட்டும் பறிபோகின்றன. அதனால் பூப்பு என்பதை முதல் மாதவிடாய்க்கு மட்டும் நிறுத்திக்கொண்டு, நீண்ட மாற்றத்தை இருபாலருக்கும் பொதுவாகப் 'பருவமடைதல்' என்று எழுதுவதே முறை. மீசை அரும்புதல், குரல் உடைதல் என்ற தனிக் குறிகளைத் தவிர ஆண்பிள்ளைகளின் மாற்றத்துக்கு வழக்கில் பொதுப்பெயர் இல்லாத குறையும் இதனால் நீங்கும்.

எழுதும்போது 'வளர் இளம்' என்று இடைவெளி விடாமல் 'வளரிளம்' என்று சேர்த்து எழுத வேண்டும். ஆட்களைக் குறிக்க வளரிளம் பருவத்தினர் என்பது நெடிதாகத் தோன்றும் இடத்தில் வளரிளையோர் என்று சுருக்கலாம். வளரிளம் பெண், வளரிளம் ஆண் என்னும் வடிவங்களில் முன்னது அரசுத் திட்டங்களின் வழியே ஊரெங்கும் பரவிவிட்டது. பின்னதும் அதே அளவுக்கு எழுத்தில் வர வேண்டும்.