நூறு வரை சொல்கிறாள், ஏழு மூடி எடுக்கத் தெரியவில்லை

பெற்றோர் சந்திப்பு முடியும் ஒவ்வொரு முறையும் இதை எழுதிவிட வேண்டும் என்று நினைப்பேன். இந்த முறை தள்ளிப்போட மனம் வரவில்லை.

யு.கே.ஜி. சிறுமி அவள். ஒன்று முதல் நூறு வரை மூச்சுவிடாமல் சொல்வாள். நூறிலிருந்து பின்னோக்கியும் சொல்வாள். நோட்டு நிறைய எண்கள். பாட்டில் மூடிகள் இருந்த கிண்ணத்தை நீட்டி, "ஏழு மூடி எடுத்துக் கொடும்மா" என்றேன். இரண்டு கைகளாலும் அள்ளிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அப்பா சட்டென்று எல்லாவற்றையும் கொட்டி, தானே ஏழு மூடிகளை எண்ணி மேசையில் வைத்தார். "வீட்டில் நன்றாகச் செய்வாள், மிஸ்" என்றார்.

அந்தக் குழந்தையிடம் எந்தக் குறையும் இல்லை. நமக்குத்தான் கணக்கு என்றால் என்னவென்று மறந்துபோயிருக்கிறது.

எண்களை வரிசையாகச் சொல்வது ஒரு பாட்டை மனப்பாடமாகச் சொல்வதற்குச் சமம். பாட்டு தேவைதான், ஆனால் எண்ணுவது வேறு வேலை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று பொருத்த வேண்டும். எதையும் விடக் கூடாது, எதையும் இருமுறை தொடக் கூடாது. கடைசியில் சொன்ன எண்தான் மொத்தம் என்று புரிய வேண்டும். உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இலேயே இவற்றைத் தனித்தனி விதிகளாகப் பிரித்து எழுதிவிட்டார்கள். நீங்கள் வீட்டிலேயே பார்க்கலாம். ஐந்து புளியங்கொட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று முடித்ததும், "ஆக, எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். பல பிள்ளைகள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கடைசி எண் மொத்தத்தைச் சொல்கிறது என்பது அவர்களுக்கு இன்னும் எட்டவில்லை. அதே ஐந்தைத் தள்ளித்தள்ளி வைத்தால், "இப்போது நிறைய ஆகிவிட்டது" என்பார்கள். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே காட்டியது இதைத்தான். நான்கு வயதில் இது இயல்பு. திட்டாதீர்கள், திருத்தவும் பாயாதீர்கள். இரண்டு கேட்டால் சரியாக இரண்டு எடுத்துத் தரும் குழந்தை, மூன்று கேட்டால் மூன்று தருவதற்கே சில மாதங்கள் ஆகலாம். அந்த மாதங்களில் நாம் நூறு வரை எழுத வைத்துக்கொண்டிருந்தால், கை வலிப்பதைத் தவிர அதற்கு என்ன கிடைக்கும்?

இன்னொன்று, விரல்விட்டு எண்ணும் பிள்ளையின் கையில் தட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். அந்த வயதில் எப்போதும் கூடவே இருக்கும் எண்ணும் பொருள் விரல்தான்.

பள்ளிகள் மீதும் பழி உண்டு. நோட்டு நிரம்பவில்லை என்றால் நிர்வாகம் கேட்கிறது; நிர்வாகத்தைப் பெற்றோர் கேட்கிறார்கள். நடுவில் நிற்கும் ஆசிரியர் எண்களை எழுத வைக்கிறார்.

வகுப்பில் நான் அதிகம் நம்புவது மாண்டிசோரி வகுப்புகளில் உள்ள குச்சிப்பெட்டியை. 1939இல் அடையாறுக்கு வந்து பல ஆண்டுகள் இந்தியாவில் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி உருவாக்கிய கருவி அது. விலை கொடுத்து வாங்க வேண்டாம். பத்து டம்ளர்களில் 0 முதல் 9 வரை எழுதி ஒட்டுங்கள். 45 ஐஸ் குச்சிகள் கொடுங்கள். ஒன்று என்ற டம்ளரில் ஒரு குச்சி, இரண்டில் இரண்டு என்று போட்டுக்கொண்டே போக வேண்டும். பூஜ்யம் காலியாகவே நிற்கும். இடையில் எங்காவது தவறினால், ஒன்பது என்ற டம்ளருக்கு வரும்போது குச்சி போதாது, அல்லது மிஞ்சும். தவறு நடந்திருக்கிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, குச்சியே சொல்லிவிடும். பிள்ளை திகைத்து நிற்கும். பிறகு ஒவ்வொரு டம்ளராகக் கவிழ்த்து எண்ணத் தொடங்கும். விடாமுயற்சி விடாமுயற்சி என்று பேசுகிறோமே, அது உருவாவது இந்த இடத்தில்தான். நீங்கள் கையை நீட்டுவதும் சரியாக இந்த இடத்தில்தான்.

நீட்டாதீர்கள். ஜூலியா லெனார்டும் சக ஆய்வாளர்களும் 2021இல் வெளியிட்ட ஆய்வு நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளைப் பற்றியது. குழந்தையின் கையில் இருந்த புதிரைப் பெரியவர் வாங்கித் தானே முடித்துக் கொடுத்தபோது, அடுத்து வந்த கடினமான வேலையைக் குழந்தைகள் சீக்கிரமே விட்டுவிட்டார்கள். உதவி செய்வதாக நினைத்து நாம் கற்றுக்கொடுப்பது, "இது உன்னால் ஆகாது" என்பதை.

குழந்தை சிக்கி நிற்கும்போது சற்றுப் பொறுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் சங்கடம், குழந்தை யோசித்துக்கொண்டிருக்கிறது. உங்களைத் திரும்பிப் பார்த்தால், "எந்த டம்ளரில் மாறியிருக்கும், பார்ப்போமா?" என்று மட்டும் கேளுங்கள். விடையைச் சொல்லாதீர்கள், கண்ணாலும் காட்டாதீர்கள். பிள்ளைகள் உங்கள் கண் போகும் திசையைப் படித்துவிடுவார்கள். முடித்ததும் "நீ புத்திசாலி" என்று கொண்டாட வேண்டாம். "நான்கு என்ற டம்ளரில் ஒன்று கூடுதலாக இருந்ததைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாயே" என்று, செய்ததைச் சொல்லுங்கள்.

அழுகிற பிள்ளையை உட்காரவைத்து முடிக்கச் சொல்வதும் தவறு. டம்ளர்களை அப்படியே ஓர் ஓரமாக விட்டுவையுங்கள். நாளைக்கு அதுவாக வந்து தொடும். தொடாவிட்டால் இன்னும் கடினம் என்று பொருள். ஐந்து வரை குறைத்து, அதற்கு வேண்டிய பதினைந்து குச்சிகளை மட்டும் வையுங்கள்.

வீட்டில் பல்லாங்குழி இருந்தால் தூசி தட்டி எடுங்கள். குழிக்கு ஒன்றாகச் சோழி போட்டுக்கொண்டே போவது, பொருளுக்கு ஒரு சொல் என்ற அதே பயிற்சி. ஒரே ஒரு கண்டிப்பு: மூன்று வயதுக்குக் கீழே சோழி, புளியங்கொட்டை, மணி எதையும் கையில் கொடுக்காதீர்கள். பெரிய பிள்ளைகள் விளையாடும்போதும் அருகிலேயே இருங்கள். முடிந்ததும் எண்ணி எடுத்து வையுங்கள். மூக்கில் போட்டுக்கொண்டால் ஊக்கோ ஹேர்பின்னோ விட்டுக் கிளறாமல் நேரே மருத்துவரிடம் போங்கள்.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது, எத்தனை பக்கம் எழுதினாள் என்று எங்களிடம் கேட்காதீர்கள். எத்தனை வரை எடுத்துத் தருகிறாள், தவறினால் என்ன செய்கிறாள் என்று கேளுங்கள். சொல்வதற்கு எங்களிடம் நிறைய இருக்கும்.