மேசை இல்லாமல் சாப்பிட்டால் மைனஸ் 3

ரிம்வேர்ல்ட் என்கிற கணினி விளையாட்டை விளையாடுபவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரமே மேசை விஷயம் வந்துவிடும். விண்கலம் உடைந்து, தொலைதூரக் கோள் ஒன்றில் மூன்று பேர் வந்து விழுகிறார்கள். அவர்களுக்கு வீடு கட்டி, பயிர் வைத்து, உயிரோடு காப்பாற்றுவது நம் பொறுப்பு. அதில் ஒருவர் மேசை இல்லாமல் சாப்பிட நேர்ந்தால், அவருடைய மனநிலைக் கணக்கில் 3 புள்ளி குறையும். குண்டடி பட்டு, நண்பனைப் புதைத்து, எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட ஆள் கடைசியில் மேசை இல்லாத கோபத்தில் மூளை கலங்கிப் போவது விளையாடுபவர்களிடையே தீராத நகைச்சுவை.

டைனன் சில்வெஸ்டரின் லூடியன் ஸ்டூடியோஸ் இந்த விளையாட்டுக்காக 2013இல் கிக்ஸ்டார்ட்டர் என்கிற இணையத்தளம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டியது. முழுப் பதிப்பு 2018 அக்டோபரில் வந்தது. 2025இல்கூட ஒரு விரிவாக்கம் வெளியாகியிருக்கிறது. படங்களைப் பார்த்தால் இவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்று யாரும் சொல்லமாட்டார்கள். குடியேறிகளுக்குக் கை, கால்கூட வரையப்படவில்லை. அப்புறம் எதற்காக ஆட்கள் இதைவிட்டு நகராமல் இருக்கிறார்கள்? அந்த மைனஸ் 3இலிருந்தே தொடங்கலாம்.

ஒவ்வொரு குடியேறிக்கும் 0 முதல் 100 வரை ஒரு மனநிலை அளவு உண்டு. நடப்பதெல்லாம் அதில் ஒரு ‘எண்ண’மாகப் பதிவாகும். சமைக்காத உணவைச் சாப்பிட்டது மைனஸ் 7. கட்டாந்தரையில் தூங்கியது மைனஸ் 4. ஒவ்வொரு எண்ணத்துக்கும் ஓர் ஆயுள் உண்டு. அது முடிந்ததும் தானாக மறையும். ஓர் அடிப்படை அளவோடு இருக்கிற எண்ணங்களைக் கூட்டினால் வரும் தொகையை நோக்கி மனநிலை மெல்ல நகர்கிறது. சாதாரணமான ஆளுக்கு அது 35க்குக் கீழே போனால் சின்ன உடைவுகளுக்கு, அதாவது மனம் உடைந்து நம் சொல் கேட்காமல் நடப்பதற்கு, வாய்ப்பு வரும், 20க்குக் கீழே பெரியவை, 5க்குக் கீழே மிக மோசமானவை. கோடு தாண்டியதுமே எதுவும் வெடிப்பதில்லை. கீழே கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் விளையாட்டு பகடை உருட்டிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான்.

பெரிய உடைவுகளில் ஒன்று பிண மோகம். மனம் உடைந்தவர் கல்லறையைத் தோண்டி, உள்ளே இருப்பதைத் தூக்கிவந்து ஆட்கள் புழங்கும் இடத்தில் போட்டுவிடுவார். அதைப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் ‘பிணத்தைப் பார்த்தேன்’ என்று ஓர் எண்ணம் சேரும். ஏற்கெனவே 22இல் தத்தளித்துக்கொண்டிருந்த சமையல்காரருக்கு அது போதும். அவர் சமையலை விட்டுவிட்டுப் போனால் மற்றவர்கள் சமைக்காததைத் தின்பார்கள். மறுபடி மைனஸ் 7.

இப்படியே விட்டால் எல்லாக் குடியேற்றமும் ஒரே வாரத்தில் அழிந்துபோகும். அதனால் எதிர்ப்பக்கமும் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: உடைவு முடிந்து தெளிந்தவருக்கு, மனப்பாரம் இறங்கியதற்காகச் சில நாட்களுக்கு பிளஸ் 40. சரிவைத் தூண்டும் விதிகளும் சரிவைத் தடுக்கும் விதிகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுவதால்தான் குடியேற்றம் எப்போதும் விளிம்பிலேயே நிற்கிறது. இந்த பிளஸ் 40ஐ இந்த விளையாட்டின் மிகப் புத்திசாலித்தனமான எண் என்பேன்.

இதற்கு மேலே உட்கார்ந்திருப்பது ‘கதைசொல்லி’ என்கிற நிரல். தொடக்கத்திலேயே கசாண்ட்ரா, ஃபீபி, ராண்டி ஆகிய மூவரில் ஒருவரை நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். எப்போது கொள்ளையர் வரவேண்டும், எத்தனை பேர், எப்போது நோய், எப்போது வணிகர் என்பதெல்லாம் இந்த நிரலின் கையில். கொள்ளையரை அனுப்பும் முன் அது ஒரு கூட்டல் போடுகிறது. குடியேற்றத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், சொத்து மதிப்பு எவ்வளவு என்று பார்த்து அபாயப் புள்ளிகளைக் கணக்கிடும். கட்டடங்களின் மதிப்பு அதில் பாதிதான் சேரும். வந்த புள்ளிகளைச் செலவழித்து எதிரிகளை ‘வாங்கி’ அனுப்பும். நம் ஆட்கள் சமீபத்தில் செத்திருந்தால் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தும். ஆள் எண்ணிக்கை ரொம்பக் குறைந்துபோனால் புதியவர்கள் வந்து சேரும் வாய்ப்பைக் கூட்டும். கசாண்ட்ரா படிப்படியாக ஏற்றிக்கொண்டே போவாள், ஃபீபி நடுவில் மூச்சுவிட நேரம் தருவாள். ராண்டிக்கு அந்த ஒழுங்கெல்லாம் கிடையாது. தொடர்ந்து மூன்று அடியும் விழலாம், வெகுநாள் ஒன்றுமே நடக்காமலும் போகலாம்.

எண்கள் சரி. ஆனால் விளையாடியவர்கள் எண்களைச் சொல்வதில்லை. ‘மனைவி செத்த துக்கத்தில் இருந்தவன் அவள் கல்லறையையே தோண்டிவிட்டான்’ என்றுதான் சொல்வார்கள். எந்தக் கல்லறை என்பதை ஒரு சாதாரணத் தேர்வு முடிவுசெய்திருக்கும். துக்கத்துக்கும் அதற்கும் நிரலில் முடிச்சே இருந்திருக்காது. முடிச்சுப் போட்டது பார்த்தவரின் மூளை.

இதை உளவியலாளர்கள் கணினி விளையாட்டுகள் பிறக்கும் முன்பே கண்டார்கள். 1944இல் ஃபிரிட்ஸ் ஹைடர், மேரியான் சிம்மல் இருவரும் ஒரு குட்டி அசைபடம் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவுபோலத் திறந்து மூடும் ஒரு கட்டம். அவை அங்குமிங்கும் நகரும், அவ்வளவே. என்ன பார்த்தீர்கள் என்று முதல் குழுவில் 34 பேரைக் கேட்டபோது, ஒரே ஒருவர்தான் வெறும் வடிவங்களின் அசைவாக விவரித்தார். மற்றவர்களுக்கு அது துரத்தல், சண்டை, அடைக்கலம். ரிம்வேர்ல்டின் கையில்லாத உருவங்கள் இந்த முக்கோணங்களின் வாரிசுகள். முகபாவனையை விவரமாக வரைந்திருந்தால் அது சொல்வதோடு நின்றிருப்போம். வரையாததால் நாமே நிரப்பிக்கொள்கிறோம்.

இந்த வகை விளையாட்டுகளின் முன்னோடி ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ். டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006இல் வெளியிட்டது. 2015இல் அதில் மதுக்கூடங்கள் சேர்ந்ததும் பூனைகள் காரணமே இல்லாமல் சாக ஆரம்பித்தன. தேடிப் பார்த்தால், சிந்திய மதுவில் பூனைகள் நடந்திருக்கின்றன, பிறகு சுத்தம் செய்துகொள்ள பாதத்தை நக்கியிருக்கின்றன. ஒவ்வொரு நக்கலையும் நிரல் ஒரு முழுக் குவளையாகக் கணக்கிட்டுவிட்டது. சின்ன உடம்பு, தாங்கவில்லை. பூனைக்கும் மதுவுக்கும் யாரும் விதி எழுதவில்லை. தனித்தனியாக எழுதிய நான்கைந்து விதிகள் சந்தித்த இடத்தில் அது நடந்தது.

மோட் என்பது விளையாடுபவர்களே எழுதிச் சேர்க்கும் மாற்றம்; இப்படிச் சந்திக்கும் விதிகளின் கூட்டத்தில் இன்னொன்றைச் சேர்ப்பது. ரிம்வேர்ல்டில் அது எளிது. ஏனென்றால் பொருள்களின் விவரங்கள் நிரலுக்குள் புதைந்து கிடக்கவில்லை, எக்ஸ்எம்எல் என்கிற எழுத்து வடிவக் கோப்புகளாக வெளியே திறந்து கிடக்கின்றன. நெற்பயிரின் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறக்கலாம். வளர 3 நாள், விளைச்சல் 6 என்று எழுதியிருக்கும்.

அந்த 6ஐ 60 ஆக்கிப் பாருங்கள். பசி தீர்ந்தது என்று தோன்றும். ஆனால் அறுத்ததைச் சுமந்து சேர்க்க ஆள் வேண்டும். கட்டிட வேலை நிற்கும். வைக்க இடம் வேண்டும். குளிர்க்கிடங்கு இல்லாவிட்டால் நாளடைவில் கெட்டுப்போகும். அதைவிட முக்கியம், குவிகிற ஒவ்வொரு மூட்டையும் சொத்து மதிப்பில் ஏறும். கதைசொல்லியின் கூட்டல் நினைவிருக்கிறதா? அடுத்த முறை வருகிற கும்பல் பெரிதாக இருக்கும். ஒற்றை எண்ணை மாற்றியதற்கு மொத்த உலகமும் பதில் சொல்கிறது. அனுபவசாலிகள் தேவைக்கு மேல் தங்கம் சேர்க்காமல் ஏழ்மையாகவே குடியேற்றத்தை நடத்துவதும் இதனால்தான்.

எண்ணை மாற்றினால் போதாது, நடத்தையையே மாற்ற வேண்டும் என்றால் நிரல் எழுத வேண்டும். விளையாட்டு, யூனிட்டி என்கிற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், சி ஷார்ப் என்கிற நிரல் மொழியில் எழுதப்பட்டது. இங்கே பெரும்பாலான மோட்கள் ஹார்மனி என்ற நிரல் நூலகத்தை (ஆயத்த நிரல்களின் தொகுப்பை) நம்பியிருக்கின்றன. மூல நிரலின் கோப்பைத் தொடாமல், அது ஓடும்போதே ஒரு செயல்பாட்டுக்கு முன்னாலோ பின்னாலோ நம் வரிகளைச் செருக ஹார்மனி வழிசெய்கிறது. ஒரே செயல்பாட்டில் பத்து மோட்கள் இப்படி வரிசையில் நிற்கலாம். கம்பாட் எக்ஸ்டெண்டட் என்கிற மோட் துப்பாக்கிச் சண்டையையே மாற்றி, தோட்டா பறக்கும் பாதையையும் கைவசம் உள்ள குண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கில் கொண்டுவருகிறது. ஹாஸ்பிடாலிட்டி வந்துபோகும் வழிப்போக்கர்களை விருந்தாளிகளாக்குகிறது. இரண்டையும் எழுதியவர்கள் கலந்து பேசியிருக்கத் தேவையில்லை; நம் கணினியில் அவை சந்தித்துக்கொள்ளும்.

இதற்கு விலையும் உண்டு. சாதாரண வேகத்தில் விளையாட்டு நொடிக்கு 60 துடிப்புகள் ஓடுகிறது; துடிப்பு என்பது உலகத்தின் நிலையை ஒருமுறை கணக்கிடுவது. விளையாட்டின் ஒரு நாள் 60,000 துடிப்பு, அதாவது நமக்கு ஏறக்குறைய 17 நிமிடம். இயல்பான அளவுள்ள வரைபடத்தில் 62,500 கட்டங்கள். அத்தனையையும் ஒவ்வொரு துடிப்பிலும் கவனித்தால் கணினி மூச்சுத் திணறும். அதனால் அவசரமில்லாத பொருள்களை 250 துடிப்புக்கு ஒருமுறைதான் பார்க்கிறது, செடிகளை 2,000 துடிப்புக்கு ஒருமுறை. எல்லாச் செடிகளும் ஒரே துடிப்பில் வளர்ந்து திணறடிக்காதபடி அவற்றைப் பிரித்தும் வைத்திருக்கிறது. இந்த ஒழுங்கு தெரியாமல் எழுதிய ஒரு மோட், ஒவ்வொரு துடிப்பிலும் வரைபடம் முழுக்கத் துழாவ ஆரம்பித்தால், பெரிய குடியேற்றம் நத்தை வேகத்துக்கு வந்துவிடும். எந்த மோட் என்று கண்டுபிடிக்க பாதியை அணைத்து, மீதியில் பாதியை அணைத்து என்று தேட வேண்டியதுதான். விளையாடுவதைவிட மோட் வரிசையைச் சரிசெய்வதிலேயே மாலை முழுவதும் போவது இங்கே சகஜம். சிலருக்கு உண்மையான விளையாட்டே அதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

விளையாட்டின் புதிய பதிப்பு வரும்போதும் பிரச்சினை இருக்கிறது. எண்களை மட்டும் மாற்றும் மோட்கள் பெரும்பாலும் தப்பித்துவிடும். மூலச் செயல்பாடு ஒன்றின் பெயர் மாறினாலோ, அதைப் பிடித்துத் தொங்கும் ஹார்மனி வரிகள் அந்தரத்தில் நிற்கும். ஆனாலும் விளையாட்டுகளை விற்கும் இணையத்தளமான ஸ்டீமில் பழைய பதிப்புகளைத் தேர்ந்தெடுத்து விளையாட வழி இருக்கிறது. எழுதியவர் கைவிட்டுப்போன மோட்களை வேறு யாராவது எடுத்து, பெயருக்குப் பின்னால் ‘கண்டின்யூட்’ என்று சேர்த்துப் புதிய பதிப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள்.