ஆந்த்ரோபாலஜி: மானிடவியலா, மானுடவியலா, மாந்தவியலா?

நம்ம குமரி மாவட்டத்துல பிளஸ் டூ முடிச்சா நர்சிங், இஞ்சினியரிங், இல்லன்னா பி.காம்., இதுக்கு நடுவுல ஒரு பிள்ள ‘ஆந்த்ரோபாலஜி படிக்கப் போறேன்’னு சொல்லிச்சுன்னா வீட்டுல வர்ற மொதக் கேள்வி ‘அது என்னத்த படிப்பு மக்களே’, ரெண்டாவது ‘மண்ணத் தோண்டுற படிப்பா’. தோண்டுறதும் அதுல ஒரு பங்குதான், ஆனா அதோட முடியாது.

கிரேக்கத்துல ‘ஆந்த்ரோபோஸ்’னா மனுசன், ‘லோகோஸ்’னா சொல்லு, பேச்சு, அப்படியே நீண்டு ஒரு விஷயத்தப் பத்தின அறிவு, ரெண்டும் சேந்தா மனுசனப் பத்தின படிப்பு. பழைய கிரேக்கர் காலத்துலயே இப்படி ஒரு பாடம் இருந்துச்சுன்னு நெனச்சுராதீங்க. 1501-ல மாக்னுஸ் ஹுண்ட்னு ஒரு ஜெர்மன்காரர் தன்னோட லத்தீன் புத்தகத்துக்கு இந்தப் பேர வச்சாரு, அதுல பேச்சே மனுச உடம்பும் ஆன்மாவும்தான். யூனிவர்சிட்டிக்குள்ள வந்தது ரொம்ப லேட்டு, ஆக்ஸ்போர்டுல எட்வர்ட் டைலர் இதுக்கு ரீடர், அதாவது பாடம் நடத்துற பதவிக்கு வந்தது 1884, கல்கத்தாவுல டிபார்ட்மென்ட் 1920, நம்ம மெட்ராஸ் யூனிவர்சிட்டில 1945.

இனி தமிழுக்கு வருவோம். மானிடவியல், மானுடவியல்னு ரெண்டு விதமா எழுதுறத வச்சு சிலபேரு சண்டையே போடுறாங்க, ஆனா ரெண்டும் ஒரே வேர்தான். வடமொழில ‘மானுஷ’, தமிழுக்குள்ள வரும்போது ஷ போயி ட ஆகும், வருஷம் வருடம் ஆன மாதிரி, விஷம் விடம் ஆன மாதிரி மானுஷம் மானுடம் ஆச்சு, அதுவே இன்னும் கொஞ்சம் திரிஞ்சு மானிடம். அதனால எத எழுதினாலும் தப்பில்ல. தனித்தமிழ்க்காரங்க ‘மாந்தவியல்’னு எழுதுவாங்க, மாந்தர் சங்க இலக்கியத்துலயே இருக்கிற சொல்லு, எனக்குக் காதுக்கு அதுதான் பிடிச்சிருக்கு, ஆனா பாடப்புத்தகத்துலயும் லைப்ரரிலயும் மானிடவியல்தான் நிலைச்சுப்போச்சு, இனி மாத்தச் சொன்னா பிள்ளைங்கதான் கஷ்டப்படும்.

அப்போ ‘மக்களியல்’னு வச்சா என்னன்னு கேக்கலாம். மக்கள்தொகையியல்னு வேற ஒரு படிப்பு இருக்கு, குழம்பிரும். ஆனா மக்கள்ங்கிற சொல்ல விட்டுட்டுப் போக மனசில்ல, ஏன்னா அதுக்குப் பிள்ளைகள்னு ஒரு அர்த்தமும் பழசுல இருந்தே உண்டு, அதனாலதான் நாம ஒத்த ஆளப் பாத்தும் ‘மக்களே, சாப்பிட்டியா’ன்னு கேக்கோம், சென்னைக்காரங்க கேட்டா முழிப்பாங்க. மருமக்கள்வழியும் இதுல இருந்து வந்ததுதான். நாஞ்சில் நாட்டு வேளாளர்ல சொத்து அப்பன்கிட்ட இருந்து பிள்ளைக்கு வராம, மாமன்கிட்ட இருந்து அக்கா தங்கச்சி பிள்ளைகளுக்குப் போச்சு. இந்த மொறையால பொண்டாட்டி பிள்ளைங்க நடுத்தெருவுல நிக்கிறதக் கவிமணி பாட்டாவே பாடி நக்கல் அடிச்சாரு, 1926 வாக்குல திருவிதாங்கூர் சர்க்கார் சட்டம் போட்டு மாத்துச்சு. இத நம்ம ஊர்ப் பழங்கதைன்னு நெனப்போம், மானிடவியல் கிளாஸ்ல போயி உக்காந்தா உறவுமுறைப் பாடத்துல பப்புவா நியூகினி பக்கம் ட்ரோப்ரியண்ட் தீவு வரும், மாலினோவ்ஸ்கின்னு ஒரு மானிடவியல்காரர் முதல் உலகப்போர் சமயத்துல அங்க போயி தங்கி அவங்க பாஷையப் படிச்சு எழுதினாரு, அங்கயும் மாமன் சொத்து மருமகனுக்குத்தான். எங்கயோ கிடக்கிற தீவுக்கும் நம்ம நாஞ்சில் நாட்டுத் தோவாளைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, ஆனா குடும்பத்தக் கட்டின விதம் இவ்வளவு ஒத்துப்போகுது, ஏன்னு கேக்கிறதுதான் பண்பாட்டு மானிடவியல்.

தோண்டுற பங்குக்குப் பேரு தொல்பழங்காலம், அதாவது எழுத்து வர்றதுக்கு முந்தின காலம். ப்ரூஸ் ஃபூட்னு ஒரு வெள்ளக்கார நிலவியல்காரர் 1863-ல சென்னை பக்கம் பல்லாவரத்துல ஒரு பழைய கற்காலக் கருவியக் கண்டெடுத்தாரே, அதெல்லாம் இதுல வரும். அமெரிக்காவுல தொல்லியலையே மானிடவியலுக்குள்ள வச்சிருப்பாங்க, நம்ம ஊர்ல தொல்லியல் பெரும்பாலும் தனி டிபார்ட்மென்ட்.

மானிடவியல்ல குரங்கப் பத்தியும் பாடம் உண்டு, மனுசனப் படிக்கிற படிப்புல குரங்கு எதுக்குன்னு கேக்காத ஆள் கிடையாது. 1758-ல உயிரினங்கள வகைப்படுத்தின லின்னேயஸ் மனுசனையும் குரங்கையும் ஒரே வரிசைல வச்சு ‘பிரைமேட்’னு பேரு போட்டாரு, லத்தீன்ல முதல்னு அர்த்தம், அத அப்படியே எடுத்துத் தமிழ்ல முதனின்னு ஆக்கியிருக்காங்க, நல்ல சொல்லு, ஆனா யாரும் வாயால சொல்லிக் கேட்டதில்ல. தொல்காப்பியம் மரபியல்ல குரங்கு, முசு, ஊகம்னு மூணாப் பிரிச்சு மூணுக்கும் பொண்ணுக்குப் பேரு மந்தின்னு சொல்லியாச்சு, நாமதான் ஆணையும் சேத்து கருமந்தின்னு கூப்பிட்டுட்டு இருக்கோம். நம்ம மேற்குமலைப் பக்கம் கருமந்தி, நாட்டுக்குரங்கு, தேவாங்கு, சிங்கவால் குரங்குன்னு பல முதனி இருக்கு, வெளிநாட்டுக்காரங்க வந்து படிச்சுட்டுப் போறாங்க, நமக்குத் தேங்கா பறிச்சுட்டுப் போற திருட்டுக்குரங்கு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். 1960-ல சிம்பன்சிகள ஆராயப் போன ஜேன் குடால் டான்சானியாவுல கோம்பே காட்டுல சிம்பன்சி ஒண்ணு குச்சில இலையெல்லாம் உருவிட்டு கரையான் புத்துக்குள்ள விட்டு எடுத்துத் தின்னதப் பாத்தாங்க. அதுவரைக்கும் கருவி செய்யிறவன் மனுசன் மட்டும்னு வரையறை வச்சிருந்தாங்க, அவங்கள அனுப்பின லூயிஸ் லீக்கி இனி கருவிக்கு வேற வரையறை சொல்லணும், இல்ல மனுசனுக்குச் சொல்லணும், அதுவும் இல்லன்னா சிம்பன்சியையும் மனுசன்னு ஒத்துக்கணும்னு சொல்லிட்டாரு.

யூபிஎஸ்சி மெயின்ஸ்ல மானிடவியல் ஒரு ஆப்ஷனல் பாடம், தமிழ்ல நோட்ஸ் தேடுற பிள்ளைங்க மானிடவியல், மானுடவியல் ரெண்டையும் அடிச்சுத் தேடுங்க. ஒரு சமூகத்தோட இருந்து பாத்து எழுதுற எழுத்து இனவரைவியல், அதையும் இனவியலையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்காதீங்க, இனவியல் பல சமூகங்கள ஒப்பிட்டுப் பாக்கிறது.